எக்ஸ்போர்ட் எங்கே நிற்கிறது? மெமரி பிழையை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

டிசைன் முடிந்துவிட்டது. ஃபைல் நன்றாகத் திறக்கிறது, பெரிதாக்கிப் பார்த்தாலும் திணறவில்லை, சேமிக்கச் சொன்னால் சேமிக்கிறது. அச்சுக்கு அனுப்ப எக்ஸ்போர்ட் கொடுத்தால் மட்டும் ‘போதிய மெமரி இல்லை’ என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. இந்த இடத்தில் பலரும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்: கணினியை அணைத்துப் போட்டு மறுபடி முயல்கிறார்கள், இல்லையென்றால் ராம் வாங்கக் கிளம்புகிறார்கள். முதலாவது சில நேரம் பலிக்கும். இரண்டாவதில் பல நேரம் காசுதான் போகும், பிழை போகாது. அந்தப் பெட்டியில் ‘மெமரி’ என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. உண்மையான காரணம் ராமாக இருக்கலாம், ஸ்கிராட்ச் டிஸ்காக (ராம் போதாதபோது மென்பொருள் டிரைவில் பிடித்துக்கொள்ளும் இடம்) இருக்கலாம், ஃபைல் வடிவத்தின் எல்லையாக இருக்கலாம், ஃபைல் போய்ச் சேரும் டிரைவாக இருக்கலாம், டிசைனுக்குள் எங்கோ இருக்கும் ஒரே ஒரு நிழலாகவும் இருக்கலாம்.

எது என்பதைச் செய்தி சொல்லாது. எக்ஸ்போர்ட் எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைக் கவனித்தால் தெரிந்துவிடும். அதனால் கீழே இருப்பதை வரிசையாகச் செய்ய வேண்டாம். உங்கள் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேரே போங்கள். அதற்கு முன் ஃபைலை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்து, சோதனை எல்லாவற்றையும் அந்த நகலில் செய்யுங்கள். அவசரத்தில் எல்லா லேயரையும் (அடுக்கையும்) ஒன்றாக்கி மூலத்தையே தட்டையாக்கிச் சேமித்துவிட்டால் திரும்ப வழியில்லை.

முதலில் ஒரு கணக்கு

திரையில் ஒழுங்காக ஓடும் ஃபைல் எக்ஸ்போர்ட்டில் ஏன் விழுகிறது? திரையில் நீங்கள் பார்க்கும் பகுதியை மட்டும், திரைக்குத் தேவையான அளவில் மட்டும் மென்பொருள் வரைந்து காட்டுகிறது. எக்ஸ்போர்ட் செய்யும்போது மொத்தப் பரப்பையும் முழு ரெசல்யூஷனில் பிரித்து விரிக்க வேண்டியிருக்கிறது. டிஸ்கில் ஃபைல் 40 எம்பிதான் இருக்கிறதே என்று பார்ப்பது இங்கே உதவாது. விரித்தால் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

அதைக் கையால் போட்டுப் பார்க்கலாம். அகல பிக்சல், உயர பிக்சல் இரண்டையும் பெருக்குங்கள். ஆர்ஜிபி (திரைக்கான மூன்று நிற முறை) என்றால் 3 ஆலும், சிஎம்ஒய்கே (அச்சுக்கான நான்கு மை முறை) என்றால் 4 ஆலும் பெருக்குங்கள். 16 பிட் படமாக இருந்தால் அதை இரட்டியுங்கள். வருவது பைட் கணக்கு.

20 அடிக்கு 10 அடி பேனர், 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்) என்று வைத்துக்கொள்வோம். 72,000 பிக்சலுக்கு 36,000 பிக்சல். மொத்தம் சுமார் 259 கோடி பிக்சல். சிஎம்ஒய்கேயில் 10 ஜிபிக்கு மேல் போகிறது, அதுவும் ஒரே ஒரு தட்டையான லேயருக்கு. அதே பேனரை 72 டிபிஐயில் வைத்தால் சுமார் 15 கோடி பிக்சல், 600 எம்பி. தூரத்திலிருந்து பார்க்கும் பேனருக்கு 72 டிபிஐ தாராளமாகப் போதும். கையில் பிடித்துப் படிக்கும் புத்தகத்துக்குத்தான் 300 வேண்டும். பேனர் ஃபைலை 300 டிபிஐயில் தொடங்கியவர்களுக்கு இந்தக் கணக்கே மருந்து. கீழே படிக்க வேண்டிய அவசியம்கூட இருக்காது.

பட்டனை அழுத்திய உடனே பிழை வருகிறது

ஓரிரு நொடியிலேயே செய்தி வந்தால் கணினி வேலையைத் தொடங்கவே இல்லை. கேட்ட அளவைப் பார்த்துவிட்டே முடியாது என்று சொல்லிவிட்டது. இங்கே ராமைவிட ஃபைல் வடிவத்தின் எல்லையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஜேபெக் படம் அகலத்திலோ உயரத்திலோ 65,535 பிக்சலைத் தாண்ட முடியாது. மேலே சொன்ன பேனர் 72,000 பிக்சல் அகலம், ஆகவே எத்தனை ஜிபி ராம் இருந்தாலும் அது ஜேபெக்காக வெளியே வராது. வெப்பி வடிவத்துக்கு எல்லை 16,383 பிக்சல். போட்டோஷாப்பின் பிஎஸ்டி 30,000 பிக்சலோடும் 2 ஜிபியோடும் நிற்கும். அதைத் தாண்டினால் பிஎஸ்பி வடிவத்தில் சேமிக்க வேண்டும், அது 3 லட்சம் பிக்சல் வரை தாங்கும். சாதாரண டிஃப் ஃபைல் 4 ஜிபி வரை. பிடிஎஃப் பக்கத்துக்கு வழக்கமான எல்லை 200 அங்குலம், அதாவது 16 அடி 8 அங்குலம். 20 அடி பேனரை நிஜ அளவிலேயே பிடிஎஃப் ஆக்க முயன்று தடுமாறுவதற்கு இதுவே காரணமாக இருக்கும்.

இதற்கு அச்சுத் தொழிலில் பழகிப்போன வழி, பத்தில் ஒரு பங்கு அளவில் வேலை செய்வது. 20 அடி என்பது 24 அங்குலம் ஆகிவிடும். வெக்டர் (பிக்சலாக இல்லாமல் கோட்டுக் கணக்காக இருக்கும்) எழுத்தும் வடிவமும் எவ்வளவு பெரிதாக்கினாலும் கெடாது. படங்களுக்கு மட்டும் சிறிய அளவில் 720 டிபிஐ இருந்தால், அச்சில் பத்து மடங்கு பெரிதாகும்போது 72 கிடைக்கும். ஃபைல் பெயரிலேயே ‘1க்கு 10’ என்று எழுதி அனுப்புங்கள், எதிர்முனையில் இருப்பவர் தடுமாற மாட்டார்.

போட்டோஷாப்பில் ‘எக்ஸ்போர்ட் ஆஸ்’, பழைய ‘சேவ் ஃபார் வெப்’ இரண்டும் இணையத்துக்கான சின்னப் படங்களை மனதில் வைத்துச் செய்தவை. பெரிய படத்தை அவற்றின் வழியே அனுப்பினால் முன்னோட்டம் காட்டுவதற்கே மெமரி கரைந்துவிடும். ‘சேவ் எ காப்பி’ கொடுத்து ஜேபெக் அல்லது டிஃப் தேர்ந்தெடுங்கள். பெரிய படத்துக்கு அதுதான் சரியான கதவு.

‘ஸ்கிராட்ச் டிஸ்க் நிறைந்துவிட்டது’ என்று வருகிறது

எல்லாவற்றிலும் நேர்மையான செய்தி இது. காரணத்தை அதுவே சொல்லிவிடுகிறது. ராமில் இடம் போதாதபோது மென்பொருள் ஹார்ட் டிஸ்கில் ஓர் இடத்தைப் பிடித்து அங்கே கணக்குப் போடும். அந்த இடம் தீர்ந்துவிட்டது. டிரைவில் 20 ஜிபி காலியாக இருக்கிறதே என்று நினைக்கலாம். 50 ஹிஸ்டரி நிலைகளும் (அன்டூ செய்ய வைத்திருக்கும் முந்தைய நிலைகள்) பல லேயர்களும் உள்ள பெரிய படத்துக்கு அது கொஞ்ச நேரத்தில் நிரம்பிவிடும்.

போட்டோஷாப் என்றால் பிரிஃபரன்ஸில் ‘ஸ்கிராட்ச் டிஸ்க்’ பகுதிக்குப் போய், சிஸ்டம் இருக்கும் டிரைவை விட்டு, நிறைய காலி இடமுள்ள வேறு எஸ்எஸ்டியை முதலில் வையுங்கள். போட்டோஷாப் திறக்கவே மறுத்தால், விண்டோஸில் கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திப் பிடித்தபடி திறங்கள்; மேக்கில் கமாண்ட், ஆப்ஷன். ஸ்கிராட்ச் டிஸ்க் தேர்வுப் பெட்டி தொடக்கத்திலேயே வரும். இல்லஸ்ட்ரேட்டரிலும் இதே தேர்வு ‘பிளக்இன்ஸ் அண்ட் ஸ்கிராட்ச் டிஸ்க்ஸ்’ பகுதியில் இருக்கிறது. ஜிம்ப் பயன்படுத்துபவர்கள் ‘ஃபோல்டர்ஸ்’ பகுதியில் ஸ்வாப் ஃபோல்டரை (ஜிம்பின் ஸ்கிராட்ச் இடம்) மாற்றலாம், ‘சிஸ்டம் ரிசோர்சஸ்’ பகுதியில் டைல் கேஷ் (ஜிம்ப் பயன்படுத்தும் ராம்) அளவைக் கூட்டலாம்.

மென்பொருள் நடுவில் மூடிக்கொண்ட பழைய நாட்களின் தற்காலிக ஃபைல்கள் டெம்ப் ஃபோல்டரில் அப்படியே தங்கிப்போவதுண்டு. போட்டோஷாப்பை மூடிவிட்டு ‘போட்டோஷாப் டெம்ப்’ என்று தொடங்கும் பெரிய ஃபைல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே ஃபைல் பல ஜிபி இருக்கும். மூடாமல் மட்டும் அழிக்காதீர்கள். அப்புறம், எடிட் மெனுவில் ‘பர்ஜ்’ என்று ஒன்று உண்டு. அது ஹிஸ்டரியையும் கிளிப்போர்டையும் காலி செய்யும். அதன் பிறகு அன்டூ கிடையாது, எனவே எக்ஸ்போர்ட்டுக்கு முந்தைய கடைசி வேலையாக மட்டும் வையுங்கள்.

பாதி வரை போய், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கிறது

நான் அதிகம் பார்த்தது இந்த அறிகுறியைத்தான். பட்டை ஓடுகிறது, ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறது, பிழை வருகிறது. கணினியை மறுபடி தொடங்கினாலும் அதே இடம். ஒரே இடத்தில் நின்றால் அந்த இடத்தில் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது என்று அர்த்தம். இதற்கு ராம் கூட்டினால் பட்டை இன்னும் கொஞ்சம் தள்ளி நிற்கும், அவ்வளவுதான்.

ஒரு மேடைப் பின்னணித் திரை செய்தபோது எனக்கு இது நேர்ந்தது. 12 அடி அகலம், சுமார் 40 லேயர். பிஎன்ஜி எக்ஸ்போர்ட் ஒவ்வொரு முறையும் பாதியைக் கொஞ்சம் தாண்டி விழுந்தது. பின்னணியில் இருந்த பெரிய புகைப்படத்தைத்தான் முதலில் சந்தேகித்தேன், அதைச் சிறிதாக்கினேன், பயனில்லை. பிறகு பாதிப் பாதியாகப் பிரித்தேன். நகலில் 20 லேயரின் கண் குறியை அணைத்துவிட்டு எக்ஸ்போர்ட். போய்விட்டது. அப்படியென்றால் கோளாறு அணைத்த பாதியில். அதில் 10ஐத் திறந்து மறுபடி. விழுந்தது. இப்படி 10, 5 என்று குறைத்துக்கொண்டே போனால் 40 லேயருக்கு ஆறு முயற்சிக்கு மேல் ஆகாது. கடைசியில் அகப்பட்டது ஓரத்தில் ஓடிய ஓர் இலைக்கொடி. பார்வைக்கு எளிய வேலைப்பாடு. கிட்டப் போய் ஓர் இலையைத் தேர்ந்தெடுத்து இல்லஸ்ட்ரேட்டரின் அப்பியரன்ஸ் பேனலை (எஃபெக்ட் பட்டியல் இருக்கும் இடம்) பார்த்தால் அதில் ‘டிராப் ஷேடோ’ என்று இருந்தது. அடுத்த இலையிலும் அதே. ஏறக்குறைய 300 இலை, 300 தனி நிழல்.

நிழல், மங்கல், ஒளிவட்டம் போன்ற எஃபெக்ட்கள் வெக்டர் ஃபைலுக்குள் இருந்தாலும் உள்ளபடியே அவை பிக்சல் படங்கள். எக்ஸ்போர்ட் நேரத்தில் ஒவ்வொன்றும் தனித்தனிப் படமாக உருவாகி, ஒளிபுகும் தன்மையோடு கீழே உள்ளதன்மேல் கலக்க வேண்டும். எல்லா இலையிலும் இருந்த எஃபெக்டை நீக்கினேன். கொடி முழுவதையும் ஒரே குரூப் ஆக்கி, குரூப்புக்கு ஒரே நிழல் கொடுத்தேன். எக்ஸ்போர்ட் முதல் முயற்சியிலேயே முடிந்தது. ஒரு வித்தியாசம் உண்டு: ஓர் இலை இன்னோர் இலைமேல் விழும் இடத்தில் இருந்த நிழல் போய்விடும். அங்கே அது உறுத்தவில்லை. உறுத்தும் வேலையாக இருந்தால், அந்தக் கொடியை மட்டும் நகலில் தேவையான ரெசல்யூஷனில் ராஸ்டரைஸ் செய்து (பிக்சலாக மாற்றி) ஒரே படமாக வைத்துவிடலாம்.

இல்லஸ்ட்ரேட்டரில் எஃபெக்ட் மெனுவிலேயே ‘டாக்குமெண்ட் ராஸ்டர் எஃபெக்ட்ஸ் செட்டிங்ஸ்’ இருக்கிறது. பெரிய பேனரில் அது 300 என்று இருந்தால் 150 அல்லது 72க்கு இறக்குங்கள். 300ஐ 150 ஆக்கினால் பிக்சல் எண்ணிக்கை நான்கில் ஒரு பங்காகிவிடும். மாற்றிய பின் நிழல்களை ஒருமுறை கண்ணால் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள், சில எஃபெக்ட்களின் தோற்றம் லேசாக மாறலாம். இங்க்ஸ்கேப்பிலும் ‘பிளர்’ ஒரு ஃபில்டர்தான், பின்னணி அளவுக்குப் பெரிய பொருளில் பிளர் வைத்தால் இதே கதை.

பாதிப் பாதியாகத் தேடும்போது அகப்படக்கூடிய மற்றவை:

புகைப்படத்தை ‘இமேஜ் டிரேஸ்’ செய்து வெக்டராக்கிய துண்டு. இல்லஸ்ட்ரேட்டரில் கண்ட்ரோல்+ஒய் அழுத்தி அவுட்லைன் தோற்றத்தில் பார்த்தால், மற்ற இடமெல்லாம் கோடாகத் தெரியும்போது இது மட்டும் மை கொட்டியது போலக் கறுப்பாகத் தெரியும். அவ்வளவு புள்ளிகள். அதை எடுத்துவிட்டு மூலப் படத்தையே வையுங்கள்.

சின்னக் கட்டத்துக்குள் செருகிய பெரிய படங்கள். 24 மெகாபிக்சல் கேமரா படம் டிஸ்கில் 8 எம்பிதான் இருக்கும், விரித்தால் 72 எம்பி. ஒரு கேட்டலாக்கில் அப்படி 60 படம் இருந்தால் 4 ஜிபியைத் தாண்டுகிறது, ஒவ்வொன்றும் அச்சில் தபால்தலை அளவே இருந்தாலும். மாஸ்க் போட்டு மறைத்த பகுதியும் மெமரியில் இருக்கத்தான் செய்யும். மாஸ்க் என்பது திரைச்சீலை, கத்தரி இல்லை. போட்டோஷாப்பில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ‘கிராப்’ கொடுத்தால் கேன்வாஸுக்கு வெளியே நீண்டு கிடக்கும் படப்பகுதிகள் வெட்டப்படும். ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டுகள் மூலத்தை முழுதாகச் சுமந்துகொண்டிருக்கும், நகலில் அவற்றை ராஸ்டரைஸ் செய்துவிடுங்கள். 16 பிட் தேவையில்லாத வேலையில் 8 பிட்டுக்கு மாற்றினாலே பாதிச் சுமை இறங்கும்.

ஒரு முறை நிற்கிறது, ஒரு முறை போகிறது

காலையில் முதல் எக்ஸ்போர்ட் போய்விடும், மாலையில் அதே ஃபைல் போகாது. அல்லது பத்து ஆர்ட்போர்டில் (ஒரே ஃபைலுக்குள் இருக்கும் தனித்தனிப் பக்கங்கள்) ஏழு போய் மூன்று நிற்கும். இங்கேதான் உண்மையிலேயே ராமைப் பற்றிப் பேச வேண்டும். அப்போதும் உடனே வாங்க வேண்டியதில்லை, யார் தின்றார்கள் என்று பார்த்துவிடலாம்.

விண்டோஸில் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபாமன்ஸ் தாவலில் மெமரியைப் பாருங்கள். ‘கமிட்டட்’ என்று இரண்டு எண் இருக்கும், 15/18 ஜிபி என்பது போல. இரண்டாவது எண் ராமும் பேஜ் ஃபைலும் (ராமுக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்கில் வைத்திருக்கும் ஃபைல்) சேர்ந்த உச்ச வரம்பு. முதல் எண் அதைத் தொட்டுவிட்டால், ராமில் கொஞ்சம் காலி இருப்பதாகக் காட்டினாலும் புதிதாக மெமரி கிடைக்காது. கணினி வேகமாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பேஜ் ஃபைலை அணைத்து வைத்தவர்கள் அடிக்கடி மாட்டுவது இங்கேதான். ‘வர்ச்சுவல் மெமரி’ அமைப்பில் அதை விண்டோஸ் பொறுப்பிலேயே விட்டுவிடுங்கள், அந்த டிரைவில் இடமும் வைத்திருங்கள். மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரின் ‘மெமரி பிரஷர்’ படம் மஞ்சளுக்கோ சிவப்புக்கோ போகிறதா பாருங்கள். அங்கே ஸ்வாப் எடுப்பது தொடக்க டிஸ்கிலிருந்து, அதுவும் நிறைந்திருந்தால் தப்ப வழியில்லை.

போட்டோஷாப்புக்கு ஒதுக்கும் மெமரி இயல்பில் 70 சதவீதம். பிழை வந்ததும் அதை 100க்கு ஏற்றுவது இயற்கையாகத் தோன்றும். செய்யாதீர்கள். சில பிளக்இன்களும் இயங்குதளமும் அந்த ஒதுக்கீட்டுக்கு வெளியே இருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. எல்லாவற்றையும் போட்டோஷாப்பே பிடித்துக்கொண்டால் மற்றவை மூச்சுத் திணறும். ஏற்கெனவே ஏற்றி வைத்திருந்தால் 70க்கு இறக்கிப் பாருங்கள்; இறக்கியதால் எக்ஸ்போர்ட் சரியாவதைப் பார்க்கும்போது வியப்பாக இருக்கும்.

மற்றபடி பிரவுசரை மூடுவது, நாள் முழுக்கத் திறந்தே இருந்த டிசைன் மென்பொருளை மூடித் திறந்து உடனே எக்ஸ்போர்ட் கொடுப்பது, ஆர்ட்போர்டுகளை மூன்று மூன்றாக அனுப்புவது எல்லாம் பலிக்கும். பழைய 32 பிட் மென்பொருளில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் ஒரு சேதி: 64 ஜிபி ராம் போட்டாலும் விண்டோஸில் அதற்கு இயல்பாகக் கிடைப்பது 2 ஜிபி, மிஞ்சினால் 4. அங்கே ராம் வாங்குவது வீண்.

முடியும் தறுவாயில் நிற்கிறது, அல்லது பாதி ஃபைல் கிடைக்கிறது

பட்டை கடைசி வரை வந்துவிட்டது என்றால் கணக்கு முடிந்துவிட்டது, எழுதுவதில்தான் சிக்கல். பென் டிரைவில் நேரடியாக எக்ஸ்போர்ட் செய்தீர்களா? அது ஃபாட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலை ஏற்காது. நெட்வொர்க் டிரைவிலோ தானாகக் கிளவுடுக்கு ஏற்றும் ஃபோல்டரிலோ எழுதினால், எழுதி முடிக்கும் முன்பே இன்னொரு மென்பொருள் அந்த ஃபைலைத் தொட்டுவிடலாம். கணினியின் சொந்த டிரைவில் ஒரு சாதாரண ஃபோல்டரில் எக்ஸ்போர்ட் செய்து, முடிந்த பின் நகலெடுங்கள். ஃபாட்32 பென் டிரைவை எக்ஸ்ஃபாட் வடிவுக்கு மாற்றிக்கொள்ளலாம், உள்ளே இருப்பதை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு.

பிஎன்ஜி போகிறது, பிடிஎஃப் மட்டும் போகவில்லை

எந்த பிடிஎஃப் தரத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று பாருங்கள். பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ ஒளிபுகும் தன்மையை ஏற்காது. எனவே நிழலும் கலவையும் உள்ள ஒவ்வோர் இடத்தையும் மென்பொருள் துண்டு துண்டாக வெட்டித் தட்டையாக்க வேண்டியிருக்கிறது. கடினமான வேலை, மெமரியும் அங்கேதான் போகிறது. பிடிஎஃப்/எக்ஸ்-4 அதை அப்படியே வைத்துக்கொள்ளும். அச்சகம் ஏற்றுக்கொண்டால் 4க்கு மாறுங்கள், ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

அதுவும் உதவாவிட்டால் எழுத்துருவைச் சந்தேகியுங்கள். நகலில் எல்லா எழுத்தையும் அவுட்லைன் ஆக்கி எக்ஸ்போர்ட் செய்யுங்கள். போய்விட்டால் கெட்டுப்போன எழுத்துரு ஒன்று இருக்கிறது. அதை நீக்கி நல்ல பிரதியை நிறுவுங்கள். இன்டிசைனில் பல பக்க ஆவணம் என்றால் பக்க எல்லையைப் பாதியாக்கித் தேடி, கோளாறான பக்கத்தைக் கண்டுபிடிக்கலாம். ஆவணமே உள்ளுக்குள் கெட்டிருந்தால் ஐடிஎம்எல் (இன்டிசைனின் மாற்று ஃபைல் வடிவம்) ஆக எக்ஸ்போர்ட் செய்து, அதைத் திறந்து புது ஆவணமாகச் சேமித்தால் பல நேரம் சரியாகிவிடும்.

திரை கறுப்பாகி மென்பொருளே மூடிக்கொள்கிறது

செய்தி எதுவும் இல்லாமல் இப்படி நடந்தால் கிராஃபிக்ஸ் கார்டைப் பாருங்கள். பிரிஃபரன்ஸில் ஜிபியு பயன்பாட்டை அணைத்து ஒரு முறை எக்ஸ்போர்ட் கொடுங்கள். போனால், கார்டின் டிரைவரைப் புதுப்பித்துவிட்டு மறுபடி இயக்கிக்கொள்ளலாம்.

இப்போதே அனுப்பியாக வேண்டும்

காரணம் தேட நேரமில்லாத வேளையும் வரும். போட்டோஷாப் என்றால் ‘இமேஜ்’ மெனுவில் ‘டூப்ளிகேட்’ கொடுத்து, லேயர்களை இணைத்த நகல் எடுத்து, மூலத்தை மூடிவிட்டு, நகலை மட்டும் டிஃப் ஆகச் சேமியுங்கள். வெக்டர் டிசைன் என்றால் துண்டுகளாகப் பிரியுங்கள். 20 அடி பேனர்மேல் 5 அடி அகலத்தில் நான்கு ஆர்ட்போர்டுகளை அடுத்தடுத்து வைத்து, ஒவ்வொன்றாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஒரு நேரத்தில் விரிக்க வேண்டியது கால்வாசிதான். பெரிய பேனர்களை அச்சிலும் இப்படித் துண்டாக எடுத்து ஒட்டும் வழக்கம் உண்டு, அதனால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஒட்டும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று எவ்வளவு ஏற வேண்டும் என்று முன்பே கேட்டு, அந்த அளவுக்கு ஆர்ட்போர்டுகளை ஒன்றையொன்று தாண்டவிடுங்கள். துண்டு சேரும் கோடு ஒரு முகத்தின் நடுவிலோ எழுத்தின் நடுவிலோ போகாதபடி இடம் பார்த்து வெட்டுங்கள். ஃபைல்களுக்கு இடமிருந்து வலமாக 1, 2, 3, 4 என்று எண் கொடுத்து, முழு டிசைனின் சின்ன ஜேபெக் ஒன்றையும் கூடவே அனுப்பிவிடுங்கள். ஒட்டுபவர் அதைப் பார்த்துத்தான் சேர்ப்பார்.